கழித்தலைப் படிக்க நான்கு ஆண்டு: டெல்லியின் பி.எல்.எட். படிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்றாம் வகுப்பு, கணக்குப் பாடவேளை. கரும்பலகையில் 52 − 27. மதிப்பீட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாடம் நடத்தியவர் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி, கற்பித்தல் பயிற்சிக்கு வந்தவர். சார்ட் அழகாக இருந்தது. குரல் பின்வரிசை வரை கேட்டது. பாடக்குறிப்பில் எழுதியபடியே நிமிடம் பிசகாமல் பாடம் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் நோட்டைத் தூக்கிக் காட்டினான். விடை 35. "தப்புடா தம்பி, பக்கத்து வீட்டுல பத்து கடன் வாங்கணும்ல?" என்று பலகையில் மறுபடி போட்டுக் காட்டினார் பயிற்சி ஆசிரியை. பையன் அழித்துவிட்டு எழுதினான். மறுபடியும் 35. இன்னொரு முறை. அப்போதும் 35 தான். மணி அடித்துவிட்டது.

மதிய உணவு நேரத்தில் அவனைக் கூப்பிட்டு, எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னான்: "ரெண்டுலேர்ந்து ஏழு போகாதுல்ல டீச்சர். அதான் ஏழுலேர்ந்து ரெண்டைக் கழிச்சேன். பெரிய நம்பர்லேர்ந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்னு ரெண்டாங்கிளாஸ்லயே சொல்லிட்டாங்க."

ஒரு வருடத்துக்கு முன் ஆசிரியர் சொன்ன விதியை அவன் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தான். அவன் செய்ததில் அலட்சியம் துளியும் இல்லை. பயிற்சி ஆசிரியைக்கும் கழித்தல் தெரியும், அதை விளக்கவும் தெரியும். ஒரு குழந்தை ஏன் இப்படிக் கழிக்கிறது என்று கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிக் கேட்க நாங்கள் அவருக்குச் சொல்லித் தந்ததே இல்லை. என் கையில் இருந்த மதிப்பீட்டுத் தாளில் குரல் வளத்துக்கு இடம் இருந்தது, கரும்பலகை எழுத்துக்கு இடம் இருந்தது, துணைக்கருவிகளுக்கு இடம் இருந்தது. பையனின் 35-க்கு இடம் இல்லை.

இந்த 35-ஐ ஒரு பல்கலைக்கழகப் படிப்பின் நடுவில் வைக்கலாம் என்று நினைத்துச் செய்து காட்டியவர்கள் டெல்லியில் இருந்தார்கள். அது எப்படி நடந்தது, எங்கே பலித்தது, எங்கே சிக்கியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏணியின் கடைசிப் படி

டெல்லிப் பல்கலைக்கழகம் 1994-இல் பி.எல்.எட். என்ற நான்காண்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. தமிழில் சொன்னால் தொடக்கக் கல்வி இளநிலைப் பட்டம். பிளஸ் டூ முடித்ததும் சேரலாம். படித்து முடித்தவர் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கலாம்.

இதில் என்ன புதுமை என்று கேட்கிறவர்கள் நம் ஊர் ஏணியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும். பத்தாம் வகுப்பு வரைக்கும் இளநிலைப் பட்டமும் பி.எட்.டும். தொடக்கப் பள்ளிக்கு பிளஸ் டூவும் இரண்டாண்டுப் பட்டயமும். குழந்தை சின்னதாக ஆக ஆக ஆசிரியருக்கு வேண்டிய படிப்பும் குறைந்துகொண்டே போகிறது. சம்பளமும் அதே வரிசையில் இறங்குகிறது, ஊரில் கிடைக்கும் மரியாதையும் கூடத்தான். "ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்கு என்ன பெரிய படிப்பு வேணும்? அ, ஆ சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சா போதாதா?" என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். எழுத்து தெரிந்தவர் எழுத்தைச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவன் புரியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுவான். ஆறு வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. தனக்குப் புரியவில்லை என்பதே அதற்குத் தெரியாது. அந்தக் குழந்தையின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியவர் ஆசிரியர்தான். இதற்குக் குறைந்த படிப்பு போதும் என்று முடிவு கட்டியது எனக்கு எந்தக் காலத்திலும் புரிந்ததில்லை.

இந்தக் குறையைப் பெரியவர்கள் முன்பே கண்டிருந்தார்கள். 1964-66 கோத்தாரி கல்விக் குழு, ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழக வாழ்விலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் ஒன்றிலிருந்து இன்னொன்றும் விலகித் தனித்தீவாகக் கிடக்கின்றன என்று எழுதியது. அப்புறம் 1983-இல் டி.பி. சட்டோபாத்யாயா தலைமையில் அமைந்த தேசிய ஆசிரியர் ஆணையம், பள்ளிப் படிப்புக்குப் பிறகு நான்காண்டு ஒருங்கிணைந்த பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டு அறிக்கைகளும் ஆசிரியர் கல்விக்காரர்கள் மேற்கோள் காட்டும் அறிக்கைகளாகவே நின்றுபோயின.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறைக்கு மத்தியக் கல்வி நிறுவனம் என்று பெயர். 1947-இல், மௌலானா ஆசாத் கல்வி அமைச்சராக இருந்தபோது தொடங்கிய இடம் அது. அங்கே தொடக்கக் கல்விக்கென்று அவர் பெயரிலேயே ஒரு மையம் இருந்தது. பேராசிரியர் பூனம் பத்ரா முன்னின்று நடத்த, அந்த மையத்தில்தான் பி.எல்.எட். பாடத்திட்டம் உருவானது. கல்வித் துறைக்குள் தனியாக அதை வைத்துக்கொள்ளாமல் சாதாரண இளநிலைக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். வரலாறு படிக்கிற பெண்ணும் இயற்பியல் படிக்கிற பெண்ணும் இருக்கும் அதே வளாகத்தில், அதே நூலகத்தில், அதே கேன்டீனில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியராகப் போகிற பெண்ணும் இருந்தாள். கோத்தாரி குழு சொன்ன முதல் தீவு அங்கே கரையோடு சேர்ந்தது.

நான்கு ஆண்டில் என்ன படித்தார்கள்

முதல் ஆண்டில் கணிதம், இயற்கை அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகிய நான்கிலும் அடிப்படைத் தாள்கள் உண்டு. பள்ளிப் பாடத்தையே திரும்பப் படிப்பது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து வந்த மாணவிக்கு இது முதலில் அவமானமாகக்கூடத் தோன்றலாம். ஆனால் இந்தப் படிப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நாம் எல்லோரும் பள்ளியில் செய்முறையைப் படித்தோம், காரணத்தைப் படிக்கவில்லை. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது தலைகீழாக்கிப் பெருக்கு என்றார்கள், பெருக்கினோம். ஏன் தலைகீழாக்க வேண்டும்? அரை லிட்டர் பாலைக் கால் லிட்டர் டம்ளரில் ஊற்றினால் எத்தனை டம்ளர் வரும் என்று கேட்டால் பால்காரர் வீட்டுப் பிள்ளை இரண்டு என்று சட்டென்று சொல்லிவிடும். அரையைக் காலால் வகுத்தால் இரண்டு. வகுத்த விடை வகுபட்ட எண்ணைவிடப் பெரிதாக வருவது ஏன் என்று அப்போது கண்ணால் பார்க்கலாம். நான் இதை முதன்முதலாக இப்படி யோசித்தது வேலைக்கு வந்து எத்தனையோ வருடம் கழித்துத்தான். அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கழித்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடையில் ஐந்து மாம்பழம், இரண்டைத் தின்றாயிற்று, மிச்சம் எத்தனை? இது ஒரு கழித்தல். என்னிடம் ஐந்து, உன்னிடம் இரண்டு, என்னிடம் எத்தனை அதிகம்? இது இன்னொரு கழித்தல். இங்கே யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. என்னிடம் இரண்டு இருக்கிறது, ஐந்தாக்க இன்னும் எத்தனை வேண்டும்? இது மூன்றாவது வகை, கேட்பதற்குக் கூட்டல் போலவே இருக்கும். தாளில் மூன்றுக்கும் 5 − 2 தான். முதல் கணக்கைப் போட்ட குழந்தை இரண்டாவதில் திணறுவதும், மூன்றாவதில் ஐந்தையும் இரண்டையும் கூட்டி ஏழு என்று எழுதுவதும் தினமும் வகுப்பறையில் நடக்கிறது. இது தெரிந்த ஆசிரியருக்கு அந்த ஏழு ஒரு தகவல். தெரியாதவருக்கு ஒரு சிவப்புக் கோடு.

முதல் ஆண்டிலேயே குழந்தை வளர்ச்சியும் சமகால இந்தியாவும் பாடங்கள். பள்ளிக்கு வரும் குழந்தை எந்த வீட்டிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று தெரியாமல் வகுப்பறைக்குள் போகக் கூடாது என்பது இதன் அர்த்தம். இரண்டாம் ஆண்டில் அறிதலும் கற்றலும், மொழி எப்படி வாய்க்கிறது, எல்லாப் பாடங்களுக்குள்ளும் மொழி எப்படி வேலை செய்கிறது என்பவை வரும். மூன்றாம் ஆண்டில் கணிதக் கற்பித்தல், சூழ்நிலையியல் கற்பித்தல், பள்ளி நிர்வாகம். நான்காம் ஆண்டில் கலைத்திட்டம் பற்றியும், பாலினமும் பள்ளியும் பற்றியும் தாள்கள். இடையில் ஒரு கலை அல்லது அறிவியல் பாடத்தையும் விருப்பப் பாடமாகப் படிக்க வேண்டும். நாடகம், கைவினை, குழந்தை இலக்கியம், கதை சொல்லல் எல்லாம் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருந்தன. ஓய்வு நேரத்துக்கான அலங்காரமாக அவற்றை வைக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் குழந்தைகளைக் கவனித்தல் என்று ஒரு செய்முறை உண்டு. பெயர் எளிமையாக இருக்கிறதே என்று நினைத்தால், ஒரு நாள் முயன்று பாருங்கள். ஒரு குழந்தையை அரை மணி நேரம் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் "படிப்பில் கவனம் இல்லை, சேட்டை அதிகம்" என்று எழுதுவோம். அது தீர்ப்பு, கவனிப்பு ஆகாது. "பென்சில் முனை ஒடிந்தது. பக்கத்துப் பெண்ணிடம் ஷார்ப்னர் கேட்டான். அவள் தரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அதன் பிறகு எழுதவில்லை." இப்படி எழுதினால்தான் அது கவனிப்பு. முதலில் எழுதியதைப் படித்தால் குழந்தையைத் திட்டத் தோன்றும். இரண்டாவதைப் படித்தால் ஒரு ஷார்ப்னர் வாங்கி மேசையில் வைக்கத் தோன்றும். மருத்துவப் படிப்பில் நோயாளியைத் தொட்டுப் பார்க்கப் பழக்குவதுபோல ஆசிரியர் படிப்பில் இதைப் பழக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், எழுதியதைத் திருத்திக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

தன்னை அறிதல் என்ற பெயரில் பட்டறைகளும் இந்தப் படிப்பில் உண்டு. சொந்தப் பள்ளி நாட்களையும், பயங்களையும், சாதி, மதம், ஆண் பெண் பற்றி வீட்டிலிருந்து கொண்டுவந்த எண்ணங்களையும் எடுத்து வைத்துப் பேசும் இடம். இதைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு ஐயம் இருந்தது. ஆசிரியர் பயிற்சியில் இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், நான் வகுப்பில் முதன்முதலாகப் பிரம்பைக் கையில் எடுத்த நாளில் எனக்குள் பேசியது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை, என் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரின் குரல்தான். அந்தக் குரலை ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பார்க்காமல் வகுப்பறைக்குள் போனால் அது நம்மை அறியாமலே பேசிக்கொண்டிருக்கும்.

பதினேழு வாரம்

நான்காம் ஆண்டில் பள்ளியில் 17 வாரம் பயிற்சி. ஆசிரியர் கல்விக்கான 2014 தேசிய விதிகள் வரும் வரை நாட்டில் பரவலாக இருந்த ஓராண்டு பி.எட்.டோடு இதை ஒப்பிட வேண்டும். அந்த பி.எட்.டில் வழக்கமாக நாற்பது பாடம் எடுத்துக் காட்டினால் கற்பித்தல் பயிற்சி முடிந்தது. பயிற்சி ஆசிரியர் வருவார், சார்ட் மாட்டுவார், பாடம் எடுப்பார், போய்விடுவார். பள்ளியின் கண்ணில் அவர் விருந்தாளி. குழந்தைகளின் கண்ணிலும் அப்படித்தான்.

பதினேழு வாரம் ஒரே பள்ளியில் இருக்கிறவர் விருந்தாளியாக நீடிக்க முடியாது. முதல் இரண்டு வாரம் உற்சாகத்தில் ஓடிவிடும். அப்புறம் கொண்டுவந்த சார்ட்டும் பாட்டும் தீர்ந்துபோகும். குழந்தைகள் உங்கள் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பெண் யார், காலையில் சாப்பிடாமல் வருகிறவன் யார், வாசிப்பதுபோல நடித்துக்கொண்டு மனப்பாடமாக ஒப்பிக்கிறவன் யார் என்று ஐந்தாவது ஆறாவது வாரத்தில்தான் கண்ணில் படத் தொடங்கும். போன வாரம் சொல்லிக் கொடுத்ததைக் குழந்தைகள் இந்த வாரம் சுத்தமாக மறந்துவிட்டு நிற்பதைப் பார்க்கிற அனுபவம் நாற்பது பாடக் கணக்கில் யாருக்கும் கிடைக்காது. ஆசிரியர் வேலையில் பாதி அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த வாரங்களில் மாணவி ஒரு நாட்குறிப்பு எழுத வேண்டும். இன்று என்ன திட்டமிட்டேன், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, நாளை என்ன மாற்றப் போகிறேன். கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் பள்ளிக்கு வந்து வகுப்பைப் பார்ப்பார், நாட்குறிப்பைப் படிப்பார், உட்கார்ந்து பேசுவார். பயிற்சியின் ஒரு பகுதியாகப் பள்ளிக்குள் ஒரு வள மையமும் அமைக்க வேண்டும். கதைப் புத்தகங்கள், குழந்தைகள் செய்த பொருட்கள், அறிவியல் சாமான்கள் எல்லாம் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் ஒரு மூலை.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. இதற்குப் பின்னால் உள்ள உழைப்பை ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவர்கள்தான் உணர முடியும். ஒரு மேற்பார்வையாளரிடம் பத்து மாணவிகள் இருந்தாலே, ஒவ்வொருவரின் வகுப்பையும் முழுசாகப் பார்த்து, நாட்குறிப்பைப் படித்து, பேசி முடிப்பதற்குள் வாரம் போய்விடும். கல்லூரியில் எடுக்க வேண்டிய வகுப்புகள் தனி. டெல்லி வெயிலில் பள்ளிக்குப் பள்ளி அலைவது தனி. இந்த மணி நேரங்கள் பல்கலைக்கழகப் பணி நேரக் கணக்கில் விரிவுரைக்கு இணையாக எண்ணப்படும் என்று எந்தப் பேராசிரியரும் எதிர்பார்க்க முடியாது. பி.எல்.எட். நன்றாக நடந்த இடங்களில் அதை நடத்தியது இந்த எண்ணப்படாத நேரம்தான் என்று நான் நம்புகிறேன்.

எங்கே சிக்கியது

மிராண்டா ஹவுஸ், லேடி ஸ்ரீராம், கார்கி, ஜீசஸ் அண்ட் மேரி, மாதா சுந்தரி, அதிதி மகாவித்யாலயா, ஷ்யாமா பிரசாத் முகர்ஜி, மனையியல் நிறுவனம். பி.எல்.எட். இந்த எட்டுக் கல்லூரிகளில் நடந்தது. எட்டும் பெண்கள் கல்லூரிகள். ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு ஐம்பது இடம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் நானூறைத் தாண்டாது. டெல்லி ஒரு நகரத்துக்கே அது போதாது, நாட்டுக்கு எங்கே போவது?

பெண்கள் கல்லூரி என்பதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. பெண்களுக்குத் தொழில்முறைப் பட்டம் ஒன்று கிடைத்தது, அதுவும் நல்ல கல்லூரிகளில் கிடைத்தது என்பது பெரிய விஷயம். அதே நேரம் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பெண்கள் வேலை என்ற பழைய எண்ணத்துக்கு இந்த ஏற்பாடு ஒரு முட்டுக்கட்டையும் போடவில்லை. பாலினமும் பள்ளியும் என்று ஒரு தாளையே வைத்திருந்த படிப்பில் ஓர் ஆண் மாணவன்கூட உட்கார வழியில்லாமல் போனது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேலையில். 2010-இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதிகளை அறிவித்தது. அதில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இரண்டாண்டுப் பட்டயமும் செல்லும், நான்காண்டு பி.எல்.எட்.டும் செல்லும் என்றிருந்தது. இரண்டுக்கும் ஒரே பணியிடம், ஒரே சம்பளம். நான்கு ஆண்டு படித்து, பதினேழு வாரம் பள்ளியில் கிடந்து, நாட்குறிப்பு நாட்குறிப்பாக எழுதித் தள்ளிய ஒரு பெண் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் சேர்கிறாள். இரண்டு ஆண்டில் முடித்தவர் வாங்கும் அதே சம்பளம் அவளுக்கும். மேலே போக வழி வேண்டுமென்றால் உயர்நிலை வகுப்புக்குப் போக வேண்டும், அதாவது எந்தக் குழந்தைகளுக்காகப் படித்தாளோ அந்தக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போக வேண்டும். படித்தவர்களில் பலர் தனியார் பள்ளிக்கும், தொண்டு நிறுவனத்துக்கும், மேற்படிப்புக்கும் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தொடக்கப் பள்ளியில் இருந்துகொண்டே வளர ஓர் ஏணியை அரசு வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

சட்டமும் தீர்ப்பும் புதுக் கொள்கையும்

ஆசிரியர் பயிற்சி இதற்குள் பெரிய வியாபாரமாகிவிட்டிருந்தது. மகாராஷ்டிரத்தில் டி.எட். எனப்படும் ஆசிரியர் பட்டயப் படிப்புக் கல்லூரிகளுக்கு அனுமதி தந்ததில் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. 2012-இல் அது தந்த அறிக்கை, பயிற்சி நிறுவனங்களில் மிகப் பெரும்பான்மை தனியார் கையில் இருப்பதையும் தரம் சரிந்து கிடப்பதையும் வெளிப்படையாகச் சொன்னது. அதன் பிறகு வந்த 2014 விதிகளில்தான் பி.எட். இரண்டு ஆண்டானது, பள்ளிப் பயிற்சி 20 வாரமானது. டெல்லியில் இருபது ஆண்டாக நடந்துகொண்டிருந்த ஒன்றின் சாயல் நாடு முழுக்க விதியாக வந்தது. விதிதான் வந்தது, வகுப்பறைக்குப் போய் உட்கார்ந்து பார்க்கும் ஆட்கள் வரவில்லை. 20 வாரம் பள்ளியில் விட்டுவிட்டு யாரும் எட்டிப் பார்க்காவிட்டால், அந்தப் பயிற்சி ஆசிரியர் வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகிவிடுவார். இதை என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2018 ஜூனில் இன்னொரு திருப்பம். பி.எட். படித்தவர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியராகலாம், சேர்ந்த பிறகு ஆறு மாத இணைப்புப் பயிற்சி எடுத்தால் போதும் என்று ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குக் கற்பிக்கத் தனியான பயிற்சி வேண்டும், பி.எட். பட்டம் அதற்கான தகுதி ஆகாது, தரமில்லாத கல்வி கிடைத்தால் கல்வி உரிமைக்குப் பொருளே இல்லை என்ற நிலைப்பாடு அந்தத் தீர்ப்பில் தெளிவாக வந்தது. பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அது இடிதான். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது, என் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். இருந்தாலும் தீர்ப்பு சரி என்றே சொல்வேன்.

அதே 2023-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு, பி.எல்.எட்.டுக்குப் பதிலாக ஐ.டி.இ.பி. எனப்படும் ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டத்தைக் கொண்டுவர முடிவெடுத்தது. குழுவிலேயே சில உறுப்பினர்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியாக 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வழியில் வந்ததுதான் ஐ.டி.இ.பி.

இதில் நல்லது இருக்கிறது. நான்கு ஆண்டு வேண்டும் என்று சட்டோபாத்யாயா ஆணையம் சொன்னது கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கழித்தாவது தேசியக் கொள்கையாகியிருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் பட்டம் வேண்டும் என்பதை இனி யாரும் வாதாடி நிறுவ வேண்டியதில்லை. ஆண்களும் படிக்கலாம், டெல்லிக்கு வெளியேயும் படிக்கலாம்.

என் கவலை இரண்டு இடத்தில். முதலாவது, இது இரட்டைப் பட்டப் படிப்பு. பி.ஏ. பி.எட்., பி.எஸ்சி. பி.எட். என்றுதான் வருகிறது. கல்லூரி அளவில் ஒரு பாடத்தை முழுசாகப் படிக்க வேண்டும், கல்வியியலையும் படிக்க வேண்டும். இந்த நெருக்கடியில் ஐந்துக்கும் இரண்டுக்கும் நடுவே மூன்று விதமான கழித்தல் இருக்கிறது என்று உட்கார்ந்து பேச நேரம் எங்கே மிஞ்சும்? கல்லூரிக் கணிதத்தில் கரை கண்டவருக்கும் இடமதிப்பு ஒரு குழந்தைக்கு ஏன் குழப்புகிறது என்று தெரியாமல் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு அறிவு. பி.எல்.எட். கண்டுபிடித்த முக்கியமான விஷயமே இதுதான்.

இரண்டாவது, பி.எல்.எட். ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரே நீட்சியாகப் பார்த்தது. புதிய அமைப்பு அடித்தள நிலை (இரண்டாம் வகுப்பு வரை), ஆயத்த நிலை (மூன்று முதல் ஐந்து வரை), நடுநிலை (ஆறு முதல் எட்டு வரை) என்று அதை மூன்றாக வெட்டுகிறது. ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடம் தெரியாத குழந்தைகள் நிறைய இருக்கும் நாட்டில், ஆயத்த நிலைக்கு மட்டும் பயிற்சி பெற்றவர் என்ன செய்வார்? அடியிலிருந்து தெரிந்தவருக்குத்தான் ஏறிவரும் குழந்தை எந்தப் படியில் நின்றுவிட்டது என்று தெரியும். முப்பது ஆண்டு நடந்த ஒரு படிப்பை மாற்றும் முன், அதில் படித்து இன்று வகுப்பறையில் நிற்கிறவர்களைத் தேடிப் போய், எது உதவியது, எது உதவவில்லை என்று விரிவாகக் கேட்டிருக்க வேண்டும். அது நடக்காமல் முடிவு வந்தது எனக்குக் கோபம் தருகிறது.

நம் பக்கம்

தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியர்கள் எனப்படும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வருவது இன்னும் இரண்டாண்டுப் பட்டயத்தின் வழியாகத்தான். 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் வந்த ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் ஒரு பக்கம், தனியார் நிறுவனங்கள் இன்னொரு பக்கம். அரசுப் பணி நியமனம் அரிதாகிப்போனதும் மாணவர் சேர்க்கை வற்றி, தனியார் நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்டன. படிப்பவர்களின் கவனம் முழுக்க டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் மேல். நாட்குறிப்பு எழுது என்றால், "இது டெட்டுல வருமா மேடம்?" என்று கேட்கிறார்கள். நான் அவர்கள் வயதில் இருந்தால் அதையேதான் கேட்பேன்.

2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தும் எண்ணும் வசப்பட வேண்டும் என்ற நல்ல நோக்கம். பொருட்களும் பயிற்சி நூல்களும் வந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் குழந்தைக்கு இன்று இதில் எது வேண்டும் என்று முடிவெடுக்கிறவர் ஆசிரியர் ஒருவர்தான். அந்த முடிவெடுக்கும் திறனைப் பணியிடைப் பயிற்சி நாட்களில் ஊட்டிவிட முடியாது. அது பணிக்கு வரும் முன்னால், மெதுவாக, யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லச் சொல்ல வருகிறது.

அந்தப் பயிற்சி ஆசிரியையிடம் மதியமே பையன் சொன்னதைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "நான் கேக்கவே இல்லையே மேடம்" என்றார். மறுநாள் ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் பையன் கையில் கொடுத்து, "இதுல இருபத்தேழு எனக்குக் குடு" என்றார். இரண்டு கட்டை எடுத்துக் கொடுத்தான். ஏழு உதிரி வேண்டும், கையில் இரண்டுதான். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றினான். யாரும் அவனுக்குக் கடன் என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஏழைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை இரண்டு முறை எண்ணினான். இருபத்தைந்து.

அன்று மாலை அவர் என்னிடம் ரெக்கார்டு நோட்டை நீட்டினார். அதில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. இதற்கென்று கட்டம் எதுவும் இல்லாததால் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். நுணுக்கி நுணுக்கி ஒன்றரைப் பக்கம். "இதுக்கு மார்க் எதுவும் உண்டா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன்.